13 மைக்ரோவினாடியைப் பிடித்துக்கொண்டு அல்ட்ராசவுண்ட் படித்தேன்

ரேடியாலஜி எம்.டி.யில் சேர்ந்த முதல் வருடம் எங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கியது ஃபிஸிக்ஸ்தான். பிளஸ் டூவோடு கைகழுவிய பாடம். புத்தகத்தைத் திறந்தால் பல்ஸ் (ஒலித் துடிப்பு) நீளம், டியூட்டி ஃபேக்டர் (மொத்த நேரத்தில் பல்ஸ் ஒலிக்கும் பங்கு), பி.ஆர்.எஃப். (வினாடிக்கு எத்தனை பல்ஸ்) என்று சூத்திரம் மேல் சூத்திரம். "மனப்பாடம் பண்ணிடு, வைவாவில் அதைத்தான் கேட்பாங்க" என்று வாய்மொழித் தேர்வைச் சொன்னார்கள் சீனியர்கள். எனக்கு மனப்பாடம் ஏறாது. கூட்டம் குறைந்த மாலைகளில் ஸ்கேன் ரூமில் அல்ட்ராசவுண்ட் மெஷின் முன்னாலேயே நோட்டை விரித்துக்கொண்டேன்.

முதலில் பிடிபட்டது ஒரே ஓர் எண். மென்திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் போகும் என்று மெஷின் வைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோவினாடி. எதிரொலி 65 மைக்ரோவினாடியில் வந்தால் 5 செ.மீ. ஆழத்தில் ஒரு புள்ளி. எவ்வளவு பலமாக வந்ததோ அவ்வளவு வெள்ளை. மெஷினுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வழியில் கொழுப்பு இருந்தால் வேகம் 1450 ஆகக் குறையும், எதிரொலி தாமதமாக வரும், புள்ளி கொஞ்சம் ஆழம் தள்ளி விழும். மெஷின் அதைக் கண்டுகொள்ளாது.

அடுத்தது காத்திருப்பு. ஒரு பல்ஸ் என்பது இரண்டு மூன்று அலைகள்தான். 5 மெகாஹெர்ட்ஸில் அரை மைக்ரோவினாடி அளவில் முடிந்துவிடும். 15 செ.மீ. ஆழம் பார்க்க 195 மைக்ரோவினாடி காது கொடுக்க வேண்டும். புரோப் (உடம்பில் வைக்கும் கருவி) கத்துவதைவிடக் கேட்பதுதான் அதிகம், 99 சதவீதத்துக்கும் மேல். ஒரு கோட்டுக்கு ஒரு பல்ஸ், ஒரு படத்துக்கு 128 கோடுகள் என்றால் 25 மில்லிவினாடி. வினாடிக்கு 40 படம். ஆழத்தை 20 ஆக்கினால் சுமார் 30. டெப்த் குமிழைத் திருகிக்கொண்டே திரை ஓரத்து ஃபிரேம் ரேட்டைப் பார்த்தேன். என் கணக்கோடு எண் அப்படியே ஒத்துப்போகவில்லை. இப்போதைய மெஷின்கள் ஒரே பல்ஸில் பல கோடுகளைக் கேட்டுவிடும். ஆனால் ஆழம் கூடக்கூட எண் இறங்கியது. செக்டரை, அதாவது படத்தின் அகலத்தை, குறுக்கினேன், மறுபடி ஏறியது. டியூட்டி ஃபேக்டர் சூத்திரத்தை அப்புறம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திசுவில் ஒலி தேயும் கணக்கு தனி ஆச்சரியம். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு அரை டெசிபல் போகும். 5 மெகாஹெர்ட்ஸில் 10 செ.மீ. ஆழம் போய்வந்தால் 50 டெசிபல் இழப்பு: லட்சத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 3 மெகாஹெர்ட்ஸில் 30 டெசிபல், ஆயிரத்தில் ஒரு பங்கு. பருமனானவர்களுக்கு ஏன் குறைந்த அதிர்வெண் புரோப் எடுக்கிறோம், டி.ஜி.சி. (ஆழவாரியாகப் பெருக்கத்தைச் சரிசெய்யும்) பட்டன்கள் ஏன் கீழே போகப்போகப் பெருக்குகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ரொம்பப் பிடித்தது பேப்பர் கிளிப் சோதனை. புரோப்பைத் துடைத்து, ஜெல் இல்லாமல் காற்றில் பிடித்தால் திரையின் மேலே வரிவரியாக வெள்ளைக் கோடுகள்: காற்று ஒலியைக் கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பியடிக்கிறது. நிமிர்த்திய கிளிப்பை முகப்பின் குறுக்கே வைத்து மெதுவாக நகர்த்தினால் அதன் தடம் திரையில் கூடவே நகரும். எலிமென்ட் (புரோப்புக்குள் ஒலியை அனுப்பிக் கேட்கும் சிறு துண்டு) செத்துப்போன இடத்துக்கு வந்ததும் தடம் மங்கிவிடும். ஜெல் எதற்கு என்பதும் இதிலேயே விளங்கிவிட்டது.

வைவாவில் தேர்வாளர் கேட்டது டாப்ளர், ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் முறை. "ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ஏலியாசிங் ஏன் சீக்கிரம் வருது?" வேகம் வரம்பைத் தாண்டித் தப்பாகத் தெரிவதுதான் ஏலியாசிங். ஆழம் கூடினால் காத்திருப்பு நீளும், பி.ஆர்.எஃப். இறங்கும், அளக்கக்கூடிய டாப்ளர் அதிர்வெண்ணுக்கு அதில் பாதிதானே வரம்பு என்றேன். சரி என்று எம்.ஆர்.ஐ.க்குத் தாவிவிட்டார்.