சமோவாக்காரர் உரித்த தேங்காய்

ஹவாய் போகிறேன் என்றதும் ஆளாளுக்கு எரிமலையைப் பார், கடலில் குளி என்றார்கள். நான் ஒரு முழு நாளை ஒதுக்கியது, ஒவாஹு தீவின் வடகிழக்குக் கரையில் லாயியே என்ற சின்ன ஊரில், பசிபிக் தீவு மக்களின் வாழ்க்கையைக் காட்டும் பாலினேசியன் கல்ச்சுரல் சென்டருக்கு. ஹொனலுலுவிலிருந்து பொதுப் பேருந்தில் நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது, ஆனால் ஜன்னலோரம் கடல் கூடவே வருவதால் அலுக்கவில்லை.

போகும்போது எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். 42 ஏக்கரில் ஹவாய், சமோவா, தாஹித்தி, டோங்கா, ஃபிஜி, நியூசிலாந்து மாவோரி என்று ஆறு கிராமங்கள், 1963-இல் மார்மன் திருச்சபை திறந்தது, ஆடிப் பாடுகிறவர்களில் நிறைய பேர் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் என்றெல்லாம் படித்திருந்தேன். சரி, டூரிஸ்ட்டுக்காகப் பூத்துணி கட்டி ஆடுகிற கூத்து என்று முடிவு கட்டிவிட்டேன். கூத்துதான், அதை அவர்களும் மறைக்கவில்லை.

முதலில் சமோவா. நட்டு வைத்த கூர்க்கம்பில் ஒருவர் தேங்காயைக் குத்தி, இரண்டு திருகு திருகி மட்டையை உரித்துப் போட்டார். கூட்டம் வாயைப் பிளந்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் கடப்பாரையை நட்டு இதைவிட வேகமாக உரிக்கிற ஒருவர் இருக்கிறார், பாவம், அவருக்கு யாரும் கைதட்டிப் பார்த்ததில்லை. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவர் ஒரு தாழ்வான பலகையில் காலை அகட்டி உட்கார்ந்து, அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த துருவல் பல்லில் தேங்காய் மூடியை வைத்துத் துருவ ஆரம்பித்தார் பாருங்கள், அம்மா அடுக்களையில் உட்கார்கிற அதே பலகை, மூடியைச் சுற்றிக் கொடுக்கிற அதே மணிக்கட்டு! துருவியதை நாரில் போட்டுப் பிழிந்து பால் எடுத்தபோது நானும் கைதட்டிவிட்டேன்.

மத்தியானம் குளத்தில் படகு ஊர்வலம். இரண்டு படகுகளை இணைத்து மேலே தளம் போட்டு, அதில் ஒவ்வொரு தீவுக்காரர்களும் ஆடிக்கொண்டே வருகிறார்கள். பக்கத்தில் இருந்தவர் பிள்ளைக்கு அதைக் காட்டி 'கட்டமரான்' என்றார். நம் 'கட்டுமரம்' என்ற சொல்தான்! நம்முடையது மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை, இரட்டைப் படகு அல்ல. எப்படியோ பெயர் மட்டும் நம் கரையிலிருந்து கிளம்பி இவர்கள் படகில் ஏறிக்கொண்டது. சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஃபிஜி கிராமத்தில் 'புலா' என்று வரவேற்றவர் என் முகத்தைப் பார்த்ததும் இந்தியில் பேச ஆரம்பித்தார். கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோன தீவு அது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவருடைய இந்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாயங்காலம் லூவாவ் என்கிற ஹவாய் விருந்து. குழி தோண்டி, சூடேற்றிய கற்களோடு மூடி வேகவைத்த பன்றிக்கறி பஞ்சு மாதிரி இருந்தது. எல்லோரும் முகம் சுளித்த 'போய்' எனக்குப் பிடித்தது. நம் சேப்பங்கிழங்கு இனம்தான், வேகவைத்து இடித்துக் கூழாக்கியது, கொஞ்சம் புளிப்பு. ஓர் ஊறுகாய் மட்டும் இருந்திருந்தால்! இந்தக் கிழங்கையும் மஞ்சளையும் பழைய பாலினேசியர்கள் படகில் வைத்துத்தான் ஹவாய்க்குக் கொண்டுவந்தார்கள். மது கிடையாது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, போகிறவர்கள் கவனிக்க. ராத்திரி 'ஹா' என்ற பெரிய நாடகம். கதை சுமார், தீக்கத்தி சுழற்றும்போது மட்டும் கண் இமைக்கவில்லை.

மனசில் நிற்பது அதுகூட இல்லை. பகலில் குளத்தில் கழி ஊன்றிப் படகு தள்ளிய டோங்கா பையனிடம், ஊரிலும் நன்றாக ஆடுவாயா தம்பி என்று கேட்டிருந்தேன். சிரித்தான். ஊரில் இருந்தவரைக்கும் ஆடியதே இல்லையாம், இங்கே வந்துதான் கற்றுக்கொண்டானாம். காலையில் அக்கவுண்டிங் பரீட்சை வேறு, இன்னும் ஒன்றுமே படிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அடுத்த கரையில் எங்களை இறக்கிவிட்டான்.