கோடி போன ஏரியும் கறுத்துப்போன குப்பியும்

2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கவுண்டன்யா ஆறு குடியாத்தம் நகரையே இரண்டாகப் பிரித்து வைத்தது. அப்படிப்பட்ட மழையிலும் குடியாத்தம் வட்டத்தில் மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் ஊர் ஏரி பாதிதான் நிறைந்தது. மதகுக்கு மேலே நான்கு படி நனையாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்த என் பெரியப்பா, “கானாத்துல போற தண்ணி ஏரிக்கு வரலன்னா, வர்ற வழியில எவனோ குந்திகினு இருக்கான்னு அர்த்தம்” என்றார். ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியை மீட்கும் வேலையெல்லாம் தொடங்கியது அந்தப் பேச்சிலிருந்துதான். பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துபவன் என்பதால் மனு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

2022 மே 1 கிராம சபையில், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயை அளந்து தூர்வாரித் தரவேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தீர்மான நகலை இணைத்துக் கொடுத்த முதல் மனு மூன்று மாதம் ஓர் அலுவலகத்தில் கிடந்துவிட்டு, ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பியது. தவறு எங்களுடையதும்தான். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள்தான் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. எங்கள் ஏரி இரண்டாவது வகை. இதை முதலிலேயே கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்திருந்தால் ஒரு கோடைக்காலம் மிச்சமாகியிருக்கும். பிறகு வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமைக் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்கியபின்தான் சர்வேயர் வருவதற்கு நாள் குறித்தார்கள்.

அளந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. நில அளவை வரைபடமான புலப்படத்தில் கால்வாயின் அகலம் ஆறு மீட்டர். காட்டாறான கானாற்றிலிருந்து பிரியும் இடத்தில் அது சரியாகவே இருந்தது. முதல் தென்னந்தோப்பைத் தாண்டியதும் நான்காகச் சுருங்கி, இரண்டாவது தோப்பின் ஓரம் ஒன்றரை மீட்டர் வாய்க்காலாகி, வண்டிப்பாதை குறுக்கிடும் இடத்தில் ஒற்றைச் சிமெண்டுக் குழாயாக முடிந்தது. அந்தக் குழாயும் சீமைக் கருவேல வேரும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடந்தது. சர்வேயர் சங்கிலியைப் போட்டுக் கல் நடச் சொன்ன இடங்களில் இரண்டு, என் சொந்தச் சித்தப்பாவின் தென்னை வரிசைக்கு உள்ளே விழுந்தன. அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸ் வந்தபோது அவர்தான் முதல் ஆளாக, ‘அறுவடை முடிந்ததும் விட்டுத் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின்னால் என் சித்தி இருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மற்ற இருவருக்கு, வெளியேற்ற உத்தரவிடும் 6ஆம் பிரிவு வரை போகவேண்டி வந்தது.

சங்கிலி பிடித்துக்கொண்டு நடந்த அதே நாளில்தான் நாங்கள் தேடாத இன்னொன்றும் கண்ணில் பட்டது. வண்டிப்பாதையை ஒட்டிக் கால்வாய்க்குள் கருப்பாக ஒரு பட்டை, அதைச் சுற்றிப் புதிய லாரிச் சக்கரத் தடம், அதற்கு மேல் விளக்கத் தேவையில்லாத நாற்றம். வீடுகளின் செப்டிக் டேங்கை உறிஞ்சும் வண்டி இரவில் வந்து குழாயை இங்கே இறக்கிவிட்டுப் போகிறது. கழிவு ஏற்றும் வண்டி அனுமதி பெற்று ஓடவேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டவேண்டும் என்பது விதி. ஆனால் அந்த வண்டியைக் கூப்பிட்டவர்கள் எங்கள் ஊரார்தான். கூலியைக் குறைத்துப் பேசியவர்களும் எங்கள் ஊரார்தான்.

வேலூர்ப் பக்கத்தில் ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது தோல் தொழிற்சாலைதான். அதில் நியாயம் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் பதனிடும் கழிவு பாலாற்றிலும் வயலிலும் கலந்து கிணறுகள் உப்பேறிப் போனதைக் குறித்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்தும் இழப்பீடு குறித்தும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய கேட்டைப் பக்கத்திலேயே பார்த்துப் பழகியதால், எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு ‘மாசு என்பது அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்’ என்ற ஒரு நிம்மதி. ஏரிக்குக் கீழே உள்ள தெருக்கிணற்றைச் சோதிக்கவேண்டும் என்று நான் சொன்னபோது ஊர்ப்பெரியவர் ஒருவர், “இந்தத் தண்ணிக்கு இன்னா கொறைச்சல் வாத்யாரே? வாணியம்பாடி தண்ணிய போய்ப் பாரு” என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வீடு குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தருகிறார்கள். எங்கள் ஊரில் அப்படிப் பயிற்சி பெற்ற மகளிர் குழு அக்காக்கள் இருந்தார்கள். சோதனைப் பெட்டியும் ஊராட்சி அலுவலகத்தின் அலமாரியில் பிரிக்கப்படாமல் இருந்தது. அதைத் திறந்து, காலாவதித் தேதியைப் பார்த்து, ஒரு சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கடினத்தன்மைக்குச் சொட்டு விட்டால் சிவந்த திராட்சை நிறம் நீலமாக மாறவேண்டும். எத்தனையாவது சொட்டில் மாறுகிறது என்று எண்ணவேண்டும். குளோரைடுக்கு மஞ்சள் செங்கல் நிறமாகும். இவற்றில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. கிருமிக்கான சோதனை வேறு மாதிரி: சிறு கண்ணாடிக் குப்பியில் கோடு வரை தண்ணீரை ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒருநாள் இரண்டுநாள் விட்டுவிட வேண்டும். குடல்கிருமி இருந்தால் தண்ணீர் கறுக்கும். ஒரு அக்கா அந்தக் குப்பியைத் தன் வீட்டு ஜன்னலில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஞாயிறு மாலை அது பழுப்பு. திங்கள் காலை, வடித்த மையைப் போலக் கறுத்திருந்தது.

அந்தக் குப்பியை அவர் முந்தானையில் சுற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நான் எழுதிய பதினோரு மனுக்கள் செய்யாததை அது ஒரே நாளில் செய்தது. முன்னே சொன்ன பெரியவர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார், மூடியை மோந்து பார்த்தார், பிறகு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

பெட்டியின் முடிவு எச்சரிக்கைதான். ஆதாரமாக வைக்க ஆய்வக அறிக்கை வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலூர் ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுபோனோம். கிருமி ஆய்வுக்குக் கிருமிநீக்கிய புட்டியை அவர்களிடமே வாங்கிக்கொண்டு, நிரப்பியதும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும். முதல் முறை நான் பேருந்தில் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ‘சூடாகிவிட்டது, எடுத்துக்கொள்ள முடியாது’ என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை ஐஸ்கிரீம் கடைக்காரரின் பெட்டி கைகொடுத்தது. அறிக்கையில் மலக்கிருமி இருப்பதாக வந்ததோடு, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி நைட்ரேட்டும் இருந்தது. நைட்ரேட்டைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. நீர் வற்றும் அளவுக்கு அது செறிவாகத்தான் ஆகும். கைக்குழந்தைகளுக்கு ஆகாது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் குழாய் நீட்டிக் கொடுத்தார்கள்.

2023 மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் அறிக்கையைப் படித்தோம். கால்வாயில் கழிவு கொட்டும் வண்டியை யார் கண்டாலும் எண்ணைக் குறித்துக் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் சொல்வது, அனுமதியில்லாத வண்டியை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது என இரண்டு தீர்மானங்கள். முதலாவது ஒரே ஒருமுறை பயன்பட்டது. இரண்டாவதுதான் உண்மையில் வேலை செய்தது. அழைப்பவர் இல்லாவிட்டால் வண்டி எதற்கு வரும்?

அந்த ஆண்டு வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த கையோடு தூர்வாரும் வேலை தொடங்கியது. நூறு நாள் வேலையில் இயந்திரம் கூடாது, மனித உழைப்பு மட்டும்தான். மண்ணைப் பெண்கள் பாண்டு பாண்டாக அள்ளிக் கரையில் போட்டார்கள். ஆனால் சீமைக் கருவேலத்தின் தூர் கடப்பாரைக்கு அசையவில்லை. வெட்டிவிட்டால் அடுத்த மழையில் பத்துக் கிளையோடு எழுந்துவிடும். ஆகவே ஊரில் வசூல் செய்து, அந்தத் தூர்களுக்கென்று மட்டும் ஒரு ஜேசிபியைத் தனிக் கணக்கில் ஆறு நாள் ஓட்டினோம். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்பதில் ஊராட்சிச் செயலர் கறாராக இருந்தார். அப்போது எரிச்சலாக இருந்தது. தணிக்கை வந்தபோது அவர் கறாராக இருந்தது நல்லதாயிற்று. ஏரிக்குள் இருந்த வண்டல்மண்ணை வயலுக்கு எடுக்க அன்று ஆட்சியர் அனுமதி தேவைப்பட்டது. 2024இல் வட்டாட்சியரே தரலாம் என்று எளிதாக்கினார்கள். நாங்கள் ஓராண்டு முந்திவிட்டோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏரி கோடி போனது, அதாவது நிரம்பி வழிந்தது. கடைசியாக எப்போது போனது என்பதில் ஊருக்குள் இன்றும் சண்டை இருக்கிறது. மஞ்சள், குங்குமம், பூ தூவிக் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். சித்தப்பா உபரித் தண்ணீர் வழியும் கலங்கலில் நின்று, தான் விட்டுத் தந்த இரண்டு தென்னை வரிசையின் தண்ணீர் எது என்று காட்டுவதுபோலக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாளே தெருக்கிணற்றில் குப்பியை நிரப்பினோம். மறுபடியும் கறுத்தது. வெள்ளம் மலையடிவாரம் முழுவதையும் கழுவிக்கொண்டு வரும்போது அப்படித்தான் ஆகும் என்று தெரிந்திருந்தும் மனம் சோர்ந்துவிட்டது. கிணறு நான்கு மீட்டர் குறுக்களவு, ஐந்து மீட்டர் ஆழம் தண்ணீர். சுமார் 63,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் 160 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கூழாகக் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்கினோம். ஒரு மணிநேரம் யாரையும் இறைக்க விடவில்லை. பிறகு, தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம் தெரிந்தது.

ஜனவரி மூன்றாம் வாரக் குப்பி நிறம் மாறவில்லை. பள்ளிக்குப் பின்னால் உள்ள கிணற்றின் குப்பி மட்டும் இன்னும் பழுப்பாகிறது. அதற்கு மேட்டில் இருக்கும் ஆறு வீட்டுச் செப்டிக் டேங்குகளுக்கு அடித்தளமே கட்டவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறோம். அந்த ஆறில் ஒன்று என் வீடு. கொத்தனார் வரும் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.