இணைப் பேராசிரியர் பதவிக்குக் கோப்பு சேர்த்த கதை

2021-இல் முதன்முறை விண்ணப்பித்தபோது, தேவையான அனுபவத்தில் மூன்று வாரம் குறைகிறது என்ற ஒரே காரணத்தால் என் பெயர் நேர்காணல் பட்டியலில் இடம்பெறவில்லை. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2019 மார்ச்சில் வெளியிட்ட விதிமுறைப்படி, இணைப் பேராசிரியராக முனைவர் பட்டமும், இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தில் முதல் வகுப்பும், எட்டு ஆண்டு அனுபவமும், அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களில் குறைந்தது ஆறு கட்டுரைகளும் வேண்டும். அந்த எட்டு ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டு முனைவர் பட்டத்திற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்ற வரியில்தான் நான் சிக்கினேன். வாய்மொழித் தேர்வு 2019 ஆகஸ்டில் முடிந்ததால் அன்றிலிருந்தே நான் கணக்கிட்டிருந்தேன். அலுவலகமோ நவம்பர் 8 எனத் தேதியிட்ட தற்காலிகச் சான்றிதழிலிருந்து கணக்கிட்டது. விண்ணப்பத்தின் கடைசி நாள் 2021 அக்டோபர் 18.

அடுத்த ஆண்டு அறிவிப்பு வருவதற்குள் கோப்பைத் திருத்தமாக அடுக்கிவிடலாம் என்று தொடங்கினேன். பி.இ.-யில் எனக்கு இரண்டாம் வகுப்புதான், எம்.இ. கணினி அறிவியலில் பெற்ற முதல் வகுப்பு அந்தக் குறையை ஈடுகட்டியது. கட்டுரைகள்தாம் தூக்கத்தைக் கெடுத்தன. பகுதிநேர ஆய்வாளனாக, வகுப்புகளுக்கு இடையில் எழுதி வெளியிட்ட ஏழில் ஒன்று, 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே நாளில் நீக்கிய 4,305 ஆய்விதழ்களுள் ஒன்றில் வந்திருந்தது. வெளியானபோது அது பட்டியலில் இருந்தது என்று வாதாடியிருக்கலாம். ஆனால் அந்த இதழின் தரம் எனக்கே தெரியுமாதலால் அக்கட்டுரையை விட்டுவிட்டு, மீதி ஆறை மட்டும் சேர்த்தேன்.

முதலில் பணியாற்றிய கல்லூரி மாணவர் சேர்க்கை குறைந்து மூடப்பட்டுவிட்டதால், அனுபவச் சான்றிதழுக்கு அதன் அறக்கட்டளை அலுவலகத்திற்கு மூன்று முறை அலைந்தேன். 2009-இல் சேர்ந்தவனுக்கு 2010 என்று எழுதிக் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுக் கணக்கிற்கு அந்த ஓராண்டு தேவையே இல்லை. ஆயினும் பணி நியமன ஆணையில் ஒன்றும் சான்றிதழில் வேறொன்றும் இருந்தால் கோப்பு முழுவதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வருங்கால வைப்புநிதிக் கணக்கின் முதல் பதிவைக் காட்டிய பிறகே திருத்தித் தந்தனர். இதைப் படிக்கும் இளம் ஆசிரியர்கள், ஒரு கல்லூரியிலிருந்து விலகும் அன்றே சான்றிதழை வாங்கித் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நேர்காணல் இருபத்தைந்து நிமிடம் நடந்தது. அதில் பாதிக்கு மேல் அசல் சான்றிதழ்களைப் புரட்டுவதிலேயே கழிந்தது. என் ஆய்வு கம்பியில்லா உணரி வலையமைப்புகளில், அதாவது மின்கலத்தில் இயங்கி அளவீடுகளைக் கம்பியின்றி அனுப்பும் சிறு கருவிகளின் தொகுப்புகளில், ஆற்றலைச் சேமிப்பது பற்றியது (அக்காலத்தில் எங்கள் துறையில் பாதிப்பேர் அதைத்தான் செய்தோம்). வெளியிலிருந்து வந்திருந்த வல்லுநர் ஒருவர், ஓர் உணரிக் குழுவின் தலைமை முனையத்தைச் சுழற்சி முறையில் மாற்றாவிட்டால் என்னவாகும் என்று கேட்டார். எல்லாருடைய தரவையும் சுமந்து அனுப்பும் அந்த ஒன்றின் மின்கலம் முதலில் தீரும், அதோடு அந்தக் குழுவின் செய்தி முழுவதும் நின்றுபோகும் என்று தொடங்கி, அவர் போதும் என்று கையைக் காட்டும்வரை பேசினேன். அத்தனை மாதங்களில் என் பாடத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது.

2022 ஜூனில் ஆணை வந்தது. அடுத்ததான பேராசிரியர் பதவிக்கு, இணைப் பேராசிரியர் நிலையில் மூன்று ஆண்டு உட்பட மொத்தம் பத்தாண்டு அனுபவம் வேண்டும். அதோடு அந்நிலையில் வெளியிட்ட ஆறு கட்டுரைகளும் முனைவர் பட்டம் பெறும்வரை வழிநடத்திய இரண்டு மாணவர்களும், அல்லது பத்துக் கட்டுரைகள் வேண்டும். என்னிடம் பதிவுசெய்துள்ள முதல் மாணவி இப்போதுதான் பாடநெறித் தேர்வு எழுதுகிறார். அவருடைய ஆணைகளின் நகல்களை ஒரு தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.