தானா இறங்குமா?

"தானா இறங்கும் மிஸ், இவன்ட அப்பாவுக்கும் அப்பிடித்தான் இருந்தது." ஆண் பிள்ளையின் விதை (விரை) விதைப்பைக்குள் இறங்காததைப் பற்றிய இந்தப் பேச்சு, திருகோணமலையில் பிள்ளைகள் கிளினிக்கில் தாதியாக இருக்கும் எனக்குப் பழகிப்போனது. சாம்பல்தீவோ மூதூரோ, கூட வரும் அம்மம்மாமார் இதைத்தான் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 3 பேருக்கும், குறைமாதத்தில் பிறப்பவர்களில் 30 பேர் வரைக்கும் விதை இறங்காமல் இருக்கலாம், பெரும்பாலும் முதல் சில மாதங்களில் இறங்கிவிடும். 6 மாதம் தாண்டினால் தானாக இறங்குவது அரிது. இந்த மறுபாதி ஊருக்குள் போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் கவலை.

விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குக் கிட்ட. குபர்னாகுலம் என்ற தசைநார் வழிகாட்ட, கர்ப்பத்தின் 7ஆம் மாதமளவில் கவட்டிலுள்ள ஒடுங்கிய கால்வாய் வழியாகக் கீழே வரும். வழியில் எங்கேயும் நின்றுவிடலாம், சிலவேளை பாதை விலகித் தொடைப் பக்கம்கூடப் போய்விடும். அதோடு, விதைக்கு முன்னால் வயிற்றின் உட்சவ்வு ஒரு பைபோல இறங்கி வந்திருக்கும், இறங்கி முடிந்ததும் அது மூட வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலும் அது மூடுவதில்லை, அதனால்தான் குடலிறக்கமும் சேர்ந்து வருகிறது. விதையைக் கீழே இறக்கும் ஒப்பரேஷனில் அந்தச் சவ்வைப் பிரித்துக் கட்டிவிட்டாலே பலருக்கு விதை விதைப்பைவரை எட்டிவிடும். வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால்தான் கஷ்டம், இரத்தக்குழாய் நீளம் காணாது.

சோதிக்கிற விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. குளிர்ந்த கை பட்டாலோ பிள்ளை அழுதாலோ தசை இழுத்து விதை மேலே ஏறிவிடும், அதனால் எங்கள் டொக்டர் முதலில் இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்குவார். பிறகு பிள்ளையைச் சம்மணமிட்டு இருத்தி, இடுப்பெலும்புப் பக்கமிருந்து கவட்டை நோக்கி விரலால் மெல்ல வழித்துக் கொண்டு வருவார், விதை பைக்குள் வந்ததும் பிடித்திருந்துவிட்டு விடுவார். அங்கேயே தங்கினால் ஒப்பரேஷன் தேவையில்லை. விட்டவுடன் மேலே ஓடினால் சேர்ஜன் பார்க்க வேண்டும்.

ஒப்பரேஷனை 6 முதல் 18 மாதத்துக்குள் செய்துவிடுவது நல்லது. விதைப்பையை விடச் சூடான இடத்தில் விதை கிடக்கக் கிடக்க விந்தணுவை உண்டாக்கும் கலங்கள் குறைந்துகொண்டே போகும், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். பள்ளிக்கூடம் போகிற வயதில் முதல்முறை கூட்டி வருகிறபோது எனக்கு மனசு தாங்காது.

அப்புறம், ஒப்பரேஷன் தேவையில்லை என்று அனுப்பிய பிள்ளைகளையும் வருடத்துக்கு ஒருதடவை காட்டச் சொல்கிறோம். சிலருக்கு உடம்பு வளரும் அளவுக்கு விதை தொங்கும் நாண் நீளாது, ஒருகாலம் பையில் இருந்த விதை மேலேறி அங்கேயே நின்றுவிடும்.