சிடி சேஞ்சர் பழுது: லேசரைக் குறை சொல்வதற்கு முன்

டிக்கியில் பொருத்திய, ஆறு சிடியை மாற்றி மாற்றிப் போடும் சேஞ்சர் பாடவில்லை என்று வண்டி வந்து நின்றாலே, "லேசர் போச்சு" என்று சொல்லிவிடும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. சிடியைப் படிக்கும் ஒளியைத் தரும் லேசர் போவது உண்டுதான். அதற்கு முன் சந்தேகப்பட வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை மூடியைக் கழற்றாமலே பார்த்துவிடலாம்.

சிடிகளை அடுக்கிச் சொருகும் பெட்டியான மேகசீனில் தொடங்குங்கள். சிடியின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தலைகீழாகப் போட்டால் கென்வுட் செட்டின் (டாஷ்போர்டில் இருக்கும் ஆடியோ பெட்டி) திரையில் இ-04 என்ற பிழைக்குறி வரும். மேகசீனிலேயே கோளாறென்றால் இ-99. பழைய சேஞ்சர்களில் பல, அழித்து மறுபடி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ வட்டைப் படிக்காது, அந்த வட்டு ஒளியைத் திருப்பி அனுப்புவது அவ்வளவு குறைவு. எனவே கடையில் வாங்கிய அசல் சிடி ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டிய சிடிதான் பெரிய தொல்லை. வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் பசை இளகி ஓரம் தூக்கிக்கொள்ளும். சிடியைத் தாங்கும் தட்டு உள்ளே போகும், திரும்பி வராது. அப்போது மேகசீனைப் பிடித்து இழுத்தால் தட்டின் மூலை ஒடியும், பல்சக்கரமும் சேர்ந்து போகும். மேல்மூடியைக் கழற்றி, லோடிங் மோட்டாரின் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றி, தட்டு முழுதாக மேகசீனுக்குள் போன பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

எந்த இடத்தில் பாட்டு விட்டுப்போகிறது என்று வண்டிக்காரரிடம் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கப்படுகிறது. உள்ளே நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று, வெளி ஓரத்தில் 200. முதல் பாட்டுகள் தடுமாறி, கடைசிப் பாட்டுகள் சுத்தமாகப் பாடினால், அந்த வேகத்தை எட்ட முடியாமல் திணறும் ஸ்பிண்டில் மோட்டாரை, அதாவது வட்டைச் சுழற்றும் மோட்டாரைப் பாருங்கள். முதலில் நன்றாகப் பாடிவிட்டுப் போகப்போக விட்டால், லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப் நகரும் கம்பியில் கிரீஸ் இறுகியிருக்கலாம், அல்லது பட்டை கேபிள் மடியும் இடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். வட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படிக்கவே இல்லை என்றால்தான் லென்ஸ் அழுக்கு, லேசர் என்ற பேச்சே வரும்.

மேடு பள்ளத்தில் மட்டும் விடுகிறதா? சேஞ்சரின் இரு பக்கமும் ஸ்பிரிங்கின் கோணத்தை மாற்றும் லீவர் இருக்கும். படுக்கையாக வைப்பதற்கு ஒரு நிலை, நிமிர்த்தி வைப்பதற்கு வேறு. பெட்டி நிமிர்ந்து நிற்க, ஸ்பிரிங் படுக்கை நிலையிலேயே இருந்தால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் உள்சட்டம் போய் மோதும். இரண்டு பக்க லீவரும் ஒரே குறியில் நிற்க வேண்டும். போக்குவரத்துக்காகப் பூட்டிய ஸ்க்ரூவைக் கழற்றாமல் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையைச் சேஞ்சரின் எர்த் ஒயரிலும், மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, தட்டு ஏறி இறங்கும்போது பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், போல்ட்டடியில் பெயின்டைச் சுரண்டி மறுபடி முறுக்குங்கள். மோட்டார் சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

இத்தனைக்கும் பிறகு லென்ஸ். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டை பஞ்சுக் குச்சியில் விட்டு, சுற்றாகத் தடவினால் போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் கோணும். தின்னர், அசிட்டோன் வேண்டவே வேண்டாம். அது பிளாஸ்டிக் லென்ஸ், மங்கிப்போகும். பிரஷ் வைத்த கிளீனிங் சிடியையும் சேஞ்சருக்குள் விடாதீர்கள். மூடி திறந்திருக்கையில் ஓடும் பிக்கப்புக்கு நேர் மேலே கண்ணை வைக்கக் கூடாது. 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, எவ்வளவு வெளிச்சமென்று கண்ணுக்குத் தெரியாது.

பிக்கப்பின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கூட்டிவிட்டால் படிக்கும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். படிக்கும், கொஞ்ச நாளைக்கு. லேசருக்குப் போகும் மின்னோட்டம் ஏறுவதால் அதன் ஆயுள் இன்னும் சீக்கிரம் முடியும். அந்தத் திருகைத் தொடாமல் புதிய பிக்கப் போடுவதே நேர்மையான வேலை. பல புதிய பிக்கப்புகளில் நிலைமின்சாரத்திலிருந்து காக்க இரண்டு புள்ளிகளைச் சால்டர் வைத்து இணைத்திருப்பார்கள். மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொண்டு, பட்டை கேபிளைச் சொருகிய பிறகு அந்தச் சால்டரை எடுக்க வேண்டும். எடுக்க மறந்தால் லேசர் எரியாது. முன்கூட்டியே எடுத்தால் கைபட்டே போய்விடும்.

பிக்கப் கிடைக்காத மாடலுக்கு இன்னொரு பழைய சேஞ்சரைத் தேடி அலைவது என் கருத்தில் வீண். அதுவும் அதே வயது, அதே இறுகிய கிரீஸ். சேஞ்சர் கேபிள் சொருகும் இடத்தில் பொருத்தும் யுஎஸ்பி பெட்டிகள் உண்டு. சேஞ்சர் இருப்பதாகவே செட் நினைத்துக்கொள்ளும். பின்புறம் மினி ஐஎஸ்ஓ எனும் கேபிள் சாக்கெட் உள்ள செட்களில் நீல நிற 8 பின் பகுதிதான் இதற்குரியது. பென் டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்து, சிடி01 முதல் சிடி06 வரை என ஆங்கிலத்தில் பெயரிட்ட ஃபோல்டர்களில் பாட்டைப் போட வேண்டும். ஒன்றில் 99 பாட்டு வரை. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த ஸ்பீக்கரில் வீங்கென்ற சத்தம் ஏறினால், பெட்டியின் எர்த்தைப் பாடியிலிருந்து கழற்றி, செட்டின் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள்.

பழைய சேஞ்சரின் கேபிளை உருவுமுன் மேகசீனை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போன பிறகு எஜெக்ட் பட்டன் வேலை செய்யாது, வண்டிக்காரரின் சிடிகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.