மெனோபாஸ் வயதில் எடை: தராசை விட டேப்பை நம்புங்கள்

மாதவிடாய் நிற்கும் வயதில் எடையைக் குறைக்க ஆரம்பிக்கிறீர்களா? முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்ற வேண்டாம். அளந்து எழுதி வைப்பதுதான் வேலை. எடை பார்ப்பது வாரத்தில் ஒரே நாள், காலையில் வெறும் வயிற்றில், அதே தராசில். அதைவிட முக்கியம் தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் படியுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நாம்தான். இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தொடையிலும் பின்புறத்திலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள் சேர ஆரம்பிக்கிறது. வயதோடு தசையும் கரைகிறது. அதனால்தான் தராசு பழைய எண்ணையே காட்டும், பாவாடை நாடா மட்டும் எட்டாது. எடை கூடுவதற்கு மாதவிடாய் நிற்பதை மட்டும் பழிப்பது சரியில்லை. வயதும் குறைந்துபோன நடமாட்டமும் அதில் பெரும்பங்கு. ஆனால் சேருவது வயிற்றில்தான் என்பதில் ஹார்மோனுக்குக் கை உண்டு.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்விடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு நான்கையும் கேளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.7க்கும் 6.4 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்திய நிலை, 6.5 தொட்டால் நோய். சாப்பிடும் மருந்துகளையும் பையோடு கொண்டுபோங்கள். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள் எடையை ஏற்றும். மாற்ற முடியுமா என்று கேட்கலாம், தானாக நிறுத்தக் கூடாது.

இனி சமையலறை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பல வீடுகளில் முதலில் செய்வது ராத்திரிச் சாப்பாட்டை வெட்டுவது. முப்பது வயதில் அது பலித்திருக்கும். ஐம்பதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகிறது, மூன்றாம் வாரம் பசி திரும்பி வந்து இரட்டிப்பாக வாங்கிக்கொள்கிறது. வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறக்க ஆசைப்பட வேண்டாம்.

குறைப்பதற்கு முன் கூட்ட வேண்டியது புரதம். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1 முதல் 1.2 கிராம், அதாவது 70 கிலோ இருப்பவருக்கு 70 முதல் 84 கிராம். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.) நம்மில் பலர் காலையில் தேநீரும் இரண்டு டோஸ்ட்டும் சாப்பிடுகிறோம், அதில் 6, 7 கிராம் தேறினால் பெரிது. பருப்பு ஊற்றுகிறோமே என்றால், ரசம் போல ஓடும் பருப்பு ஒரு கரண்டியில் 3 கிராம் வந்தால் பெரிது. கெட்டியாக வெந்த பருப்பு ஒரு கப் என்றால் 18 கிராம். காலைக்கு இரண்டு முட்டையும் ஒரு கிளாஸ் அமாசியும் (புளித்த பால்) 20 கிராம், மத்தியானம் கெட்டிப் பருப்பு அல்லது வேகவைத்த சுகர் பீன்ஸ் (ஒரு வகைக் காய்ந்த பீன்ஸ்) ஒரு கப், ராத்திரி கையளவு கோழி அல்லது டின்னில் வரும் பில்சர்ட் மீன். பில்சர்ட் முள்ளைத் தூக்கிப் போடாதீர்கள், கால்சியம் அதில்தான்.

அடுத்தது எண்ணெய். பாட்டிலில் திறந்த தேதியை எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 2 லிட்டர் தீர்ந்தால், பொரிப்பதையும் சேர்த்து ஒரு ஆளுக்கு நாளுக்குச் சுமார் 17 மில்லி. அது மோசமில்லை. 4 லிட்டர் தீர்கிறது என்றால் கறியில் எங்கே கொட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். வாணலியில் கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்தி மேசைக்கரண்டியால் ஊற்றுங்கள், ஒரு கரண்டி 120 கலோரி. தேநீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு ஐந்து கப் என்றால் 160 கலோரி அங்கேயே போகிறது.

ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் பன்னி சௌ பற்றிக் கேட்பார்கள். (பன்றிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பனியா வணிகர்களின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.) குவார்ட்டர் என்பது 700 கிராம் ரொட்டியில் கால்பாகம், 175 கிராம். கறியைச் சேர்க்காமலே 430 கலோரிக்கு மேல். சாப்பிடவே வேண்டாம் என்பது நடக்காத கதை. குவார்ட்டரை இரண்டு பேர் பகிர்ந்து, பீன்ஸ் கறியோடு, கேரட் சம்பல் கூட வாங்கிச் சாப்பிடலாம்.

புரட்டாசி தனி ஆபத்து. மீனும் கறியும் விட்டாயிற்று, அந்த இடத்தில் உருளைக்கிழங்கு, வடை, அப்பளம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சைவ மாதத்தில் எடை ஏறுவது இப்படித்தான். சுண்டல், சோயா, அமாசி, கெட்டிப் பருப்பு என்று மாதம் பிறப்பதற்கு முந்தின வாரமே வாங்கி வைக்காவிட்டால் புரதம் பாதியாகிவிடும்.

நடை நல்லது, ஆனால் நடை மட்டும் தசையைக் காக்காது. வாரத்துக்கு 150 நிமிட வேக நடையோடு இரண்டு நாள் பளுப் பயிற்சி. டர்பன் கோடையில் காலை ஐந்தரைக்கே கிளம்பி, மூன்று நான்கு பேராகப் போவது நல்லது. சனிக்கிழமை காலை நார்த் பீச்சில் பார்க்ரன் என்ற பொது ஓட்டம், 5 கிலோமீட்டர், கட்டணமில்லை, நடக்கவும் செய்யலாம். பளுவுக்கு ஜிம் தேவையில்லை. சாப்பாட்டு நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10, குனிந்து தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இடுப்புக்கு இழுப்பது பக்கத்துக்கு 10. மூன்று சுற்று. 2 லிட்டர் கோக் பாட்டிலில் தண்ணீர் 2 கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் 3 கிலோ. 12 முறை சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் தசை வளராது. பலர் தவறுவது இங்கேதான்: ஆறு மாதமாக அதே பாட்டில். முழங்கால் வலித்தால் நாற்காலியில் மெத்தை வைத்து உயரம் கூட்டுங்கள், பயிற்சியை விடாதீர்கள்.

ராத்திரி வேர்த்து எழுந்து தூக்கம் கெட்ட மறுநாள் பிஸ்கட் டின் தானாகத் திறக்கும். தூக்கக் குறைவு பசி ஹார்மோனை ஏற்றுகிறது. பருத்திப் போர்வை, மின்விசிறி, படுக்குமுன் சூடான பானமும் மதுவும் தவிர்ப்பது ஓரளவு உதவும். வேர்வை தாங்க முடியவில்லை என்றால் ஹார்மோன் சிகிச்சை பற்றி டாக்டரிடம் பேசலாம். அது எடையை ஏற்றும் என்பது தவறான பயம், எடையை இறக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. மார்பகப் புற்றுநோய் அல்லது ரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை.

மெலிவுத் தேநீரில் பெரும்பாலும் சென்னா என்ற பேதி மூலிகை இருக்கும், பேதியாகித் தண்ணீர் போகும், கொழுப்பு போகாது. மூலிகை மாத்திரை என்று விற்ற சிலவற்றில் பசியை அடக்கும் மருந்தான சிபுட்ரமின் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. இதயத்தைக் கெடுக்கிறது என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2010-லேயே ஒதுக்கிய மருந்து அது.

எட்டு வாரம் கழித்து எடை நின்றுவிட்டால் பயப்படாமல் டேப்பைப் பாருங்கள். டேப் இறங்கினால் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டும் ஒரு மாதம் அசையவில்லை என்றால் எண்ணெய் பாட்டிலின் தேதியை மறுபடி பாருங்கள். எடை முயற்சி இல்லாமலே வேகமாக இறங்கினாலோ, 12 மாதம் நின்றுபோன ரத்தப்போக்கு மறுபடி ஒரு துளி வந்தாலோ, அந்த வாரமே கிளினிக்குக்குப் போக வேண்டும்.