மெட்டல் டிடெக்டருடன் முதல் நான்கு மாதங்கள்

நான்கு மாதங்களில் நான் தோண்டிய குழிகள் 214. அவற்றுள் காசு கிடைத்தவை 31, மோதிரம் கிடைத்தது ஒன்று. மற்றவற்றிலிருந்து வெளிவந்தவை ஆணிகள், பாட்டில் மூடிகள், கசங்கிய அலுமினியத் தாள்கள், குளிர்பானக் குவளைகளைத் திறக்கும் சிறு வளையங்கள் ஆகியவையே. ஒவ்வொரு குழிக்கும் கருவி காட்டிய எண், அது எழுப்பிய ஒலி, பொருள் கிடந்த ஆழம், கடைசியில் கிடைத்தது என்ன ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதி வந்தேன். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு உண்மையில் பாடம் சொல்லிக்கொடுத்தது கருவியோடு வந்த கையேடு அன்று, இந்தக் குறிப்பேடுதான். அதைப் புரட்டிப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரண விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) வகைக் கருவி. தண்டின் அடியில் தட்டுப்போல இருக்கும் பகுதியைக் காயில் என்கிறார்கள். அதனுள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று மாறுகின்ற காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் ஓர் உலோகத் துண்டைத் தொடும்போது அதனுள் சுழல் மின்னோட்டம் எழுகிறது, அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அதை இரண்டாவது சுருள் வாங்கிக்கொள்கிறது. அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்கும் இடையே எவ்வளவு காலப் பிசகு இருக்கிறது என்பதை அளந்துதான் கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. இதைத் தொடக்கத்திலேயே நன்றாக விளங்கிக்கொண்டிருந்தால் என் முதல் மாதம் வேறுவிதமாகப் போயிருக்கும். கருவிக்குத் தங்கம் என்றோ வெள்ளி என்றோ தெரியாது. ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது, அது எவ்வளவு பெரியது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பவையெல்லாம் கலந்த ஒரே ஓர் எண்தான் அதனிடமிருந்து நமக்குக் கிடைக்கிறது.

முதல் இரண்டு வாரம் நான் எங்கும் தேடப் போகவில்லை. கருவியைப் பலகையின்மேல் கிடத்திவைத்து, காயிலுக்கு முன்னால் காசு, சாவி, ஆணி, வெள்ளி மோதிரம், தாள் உருண்டை என ஒவ்வொன்றாக அசைத்து எண்களைக் குறித்துக்கொண்டேன். பிறகு வீட்டுத் தோட்டத்தில், மண்ணில் முன்பே உலோகம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட ஒரு மூலையில், ஒரே வகைக் காசுகளை 5, 10, 15, 20 செ.மீ. ஆழங்களில் புதைத்து, ஒவ்வொன்றின் மேலும் குச்சி நட்டேன். காற்றில் 25 செ.மீ. தொலைவிலும் தெளிவாக ஒலித்த காசு, மண்ணில் 15 செ.மீ. ஆழத்திலேயே முனகலாகிவிட்டது. 20 செ.மீ. ஆழத்தில் இருந்ததை, அது அங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தும் என்னால் கேட்க முடியவில்லை. சிறிய பொருளிலிருந்து திரும்பி வரும் சமிக்ஞை தொலைவின் ஆறாம் அடுக்குக்கேற்பக் குறைகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் சமிக்ஞை ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். பெரிய காயில் வாங்கினால் ஆழம் ஓரளவு கூடும். ஆனால் அருகருகே கிடக்கும் ஆணியையும் காசையும் பிரித்துக் காட்டும் திறன் அதில் குறையும் என்பதால் குப்பை மிகுந்த இடத்தில் சிறிய காயிலே நல்லது.

வெளியே சென்ற முதல் நாள் மிகவும் சோர்வு தந்தது. உணர்திறனை முழு அளவுக்குக் கூட்டிவைத்திருந்தேன், கருவி ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தது. எங்கே தோண்டினாலும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்தான் காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது, தலைக்கு மேலே மின்கம்பி சென்றது, காலில் நான் அணிந்திருந்தது முனையில் இரும்புத் தகடு வைத்த காலணி. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் அவசரமாக ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் குறுக்கிட்டதும், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிய மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டதும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அந்த நாளிலிருந்து இன்றுவரை, இந்தக் கருவியோடு வெளியே போகிறவர் முதலில் தன்னைச் சுற்றியிருக்கும் இரும்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கைப்பேசியைத் தொலைவில் வைத்து, சாதாரண ரப்பர் காலணிக்கு மாறி, உணர்திறனை மூன்றில் இரண்டு பங்குக்கு இறக்கியதும் கருவி அமைதியானது. அத்துடன், ஒவ்வோர் இடத்திலும் தேடத் தொடங்குமுன் மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்யும் பழக்கத்தையும் கற்றுக்கொண்டேன். உலோகம் இல்லாத ஓரிடத்தில் காயிலைத் தரைக்கு அருகிலிருந்து ஒரு சாண் உயரம்வரை சில முறை ஏற்றி இறக்கி, ஒலி மாறாத நிலை வரும்வரை திருத்த வேண்டும். இரும்புத் தாது மிகுந்த செம்மண்ணில் இதைச் செய்யாமல் தொடங்கினால் மண்ணே ஒரு பெரிய உலோகத் துண்டுபோலப் பேசும்.

வீசும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைகள் தாமாக ஊஞ்சல் ஆடுவதுபோல வீசத் தொடங்கிவிடுகின்றன. வீச்சின் இரு முனைகளிலும் காயில் தரையைவிட்டு மேலே எழும்பிவிட, அங்கே கிடைக்க வேண்டிய ஆழம் முழுவதும் வீணாகிறது. காயில் தரைக்கு இணையாக, இரண்டு விரற்கிடை உயரத்தில், மெதுவாகச் செல்ல வேண்டும். அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் பாதியையாவது மூட வேண்டும். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு, முன்பே தேடி முடித்துவிட்டதாக நான் நினைத்த ஒரு சிறு திடலிலிருந்து ஒரே மாலையில் ஐந்து காசுகள் வந்தன. வேகத்தைப் பாதியாகக் குறைத்ததுதான் நான் செய்த ஒரே மாற்றம்.

இனி எண்களுக்கு வருகிறேன். என் கருவியில் 0 முதல் 99 வரை எண்கள் வரும். இந்த அளவுகோல் கருவிக்குக் கருவி மாறும் என்பதால் என் எண்களை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரும்பு கீழே இருக்கும், வெள்ளியும் தடித்த செம்பும் மேலே இருக்கும், நடுவில் இருப்பதுதான் சிக்கல். அலுமினியத் தாள், குவளை வளையம், மெல்லிய தங்க மோதிரம் மூன்றும் என் கருவியில் 40க்கும் 60க்கும் இடையிலேயே விழுகின்றன. குப்பையைத் தவிர்ப்பதற்காக அந்தப் பகுதியை முழுவதுமாக விலக்கிவைக்கக் கருவியில் வசதி இருக்கிறது. முதல் மாதம் முழுவதும் நான் அதைத்தான் பயன்படுத்தினேன், வேலை எளிதாயிற்று. தங்கத்தையும் சேர்த்து விலக்கிவைத்திருக்கிறேன் என்பது குறிப்பேட்டில் எண்களை வரிசைப்படுத்திய இரவில்தான் உறைத்தது. மறுநாளிலிருந்து எதையும் விலக்காமல் எல்லா ஒலிகளையும் கேட்கிறேன். தோண்டுவதா வேண்டாமா என்பதைக் கருவி முடிவு செய்யக்கூடாது, காது முடிவு செய்ய வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

காது எப்படிப் பழகுகிறது என்பதற்கு ஒரு சான்று. துருப்பிடித்த பாட்டில் மூடி இரும்பானாலும், தட்டையாகவும் வட்டமாகவும் இருப்பதால் காசைப்போலவே உயர்ந்த எண்ணைக் காட்டி ஏமாற்றும். முதலில் ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். இப்போது சமிக்ஞை கிடைத்ததும் அதைச் சுற்றிக் கால்வட்டம் நடந்து, குறுக்குத் திசையில் மறுபடி வீசிப் பார்க்கிறேன். காசு என்றால் எண் ஒன்றிரண்டுக்கு மேல் அசையாது, ஒலியின் ஓரம் வெட்டினாற்போல முடியும். மூடியாக இருந்தால் எண் துள்ளும், ஒலியின் முனையில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கரகரப்பைக் கேட்க ஹெட்போன் மிக அவசியம். திறந்தவெளியில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே அது காதில் விழுவதே இல்லை.

இரண்டாம் மாத இறுதியில் நடந்த ஒன்று இன்றும் என்னை வருத்துகிறது. நண்பர் ஒருவருடைய தோட்டத்தில், 12 செ.மீ. ஆழத்தில், 82 என்ற எண் நிலையாக நின்றது. ஆவலில், இடத்தைச் சரியாகக் குறிக்காமல் கொத்தை நேராகச் செலுத்திவிட்டேன். மண்ணைப் புரட்டியபோது பச்சை படிந்த ஒரு பழைய செம்புக் காசு கிடைத்தது. அதன் முகத்தில், விளிம்பிலிருந்து நடுவரை, புதுச் செம்பு பளபளக்க ஒரு கீறல் ஓடியிருந்தது. எத்தனையோ ஆண்டுகள் மண்ணுக்குள் சேதமில்லாமல் கிடந்த காசை வெளியே எடுத்த அதே நொடியில் நான் காயப்படுத்திவிட்டேன். அதைத் தோட்டத்துக்குரிய நண்பரிடமே கொடுத்துவிட்டேன். கீறல் எப்படி வந்தது என்பதையும் சொன்னேன்.

அதன் பிறகு தோண்டும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டேன். சமிக்ஞையின்மேல் நெடுக்கிலும் குறுக்கிலும் வீசி, இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியை மனத்தில் குறித்துக்கொள்கிறேன். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி, புல்லை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கதவின் கீல்போல விட்டுவிட்டு, வேரோடும் மண்ணோடும் மடித்துத் திறக்கிறேன். தோண்டிய மண்ணைப் புல்லின்மேல் கொட்டாமல் ஒரு துணியில் சேர்க்கிறேன். பின்பாயிண்டர் எனப்படும் கையடக்கக் கருவியைக் குழிக்குள் விட்டுப் பொருளின் இடத்தைக் கண்டு, கடைசி இரண்டு அங்குலத்தைக் கையால் மட்டுமே விலக்குகிறேன். முடிந்ததும் மண் முழுவதையும் கொட்டி, புல்லை மூடி, காலால் அழுத்திவிடுகிறேன். மழையே இல்லாத நாள்களில் வெட்டிய வேர் பிழைக்காது என்பதால் அப்போது புல்வெளியைத் தொடுவதில்லை. எடுத்த குப்பையை மறுபடி மண்ணில் போடாமல் தனிப் பையில் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். பழைய காசு கிடைத்தால் தேய்ப்பதே இல்லை. தண்ணீரில் ஊறவைத்து அலசுவதோடு சரி, ஏனென்றால் ஒட்டியிருக்கும் மணல் துகள்களே தேய்க்கும்போது காசை அறுக்கும்.

எங்கே தேடலாம் என்பதில் சலுகையே கூடாது என்று நினைக்கிறேன். நிலத்துக்குரியவரின் அனுமதி இல்லாமல் காயிலைத் தரையில் வைப்பதில்லை. தொல்லியல் இடங்களின் பக்கமே போவதில்லை. ஒரு பழம்பொருள் எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டிய செய்தி. அதைப் பிடுங்கி எடுத்துவிட்டால் அந்தச் செய்தி திரும்ப வராது. புதையல் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதையல் என்ற வரையறைக்குள் வரும் பொருளை 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டம் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்கச் சொல்கிறது. கருவி வாங்குமுன்பே அவரவர் ஊரின் சட்டத்தைப் படித்துவிடுவது நல்லது. பழைய வெடிபொருள் போல எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகிக் காவல்துறையை அழைக்க வேண்டும்.

கடைசியாக அந்த மோதிரம். நான் தேடுவது தெரிந்த ஒரு பெரியவர், கடற்கரை மணலில் மனைவியின் மோதிரம் கழன்று விழுந்துவிட்டது என்று சொல்லி வரச் சொன்னார். ஈரமான உப்பு மணல் மின்சாரத்தைக் கடத்துவதால் என் வகைக் கருவி அங்கே தடுமாறும். பல அதிர்வெண் கருவிகளும், காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிகளும்தான் அதற்கு ஏற்றவை. நல்ல வேளையாக அவர்கள் உட்கார்ந்திருந்தது உலர்ந்த மணலில். “அம்மா, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள்? கையை எப்போது உதறினீர்கள்?” என்று கேட்டேன். “மணலைத் தட்டிவிட்டு எழுந்தேன் தம்பி, அப்போதுதான் இருக்கும்” என்று இடத்தைக் காட்டினார். நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி, சதுரத்தை ஒரு முறை நெடுக்கிலும் ஒரு முறை குறுக்கிலும் தேடினேன். இரண்டு மூடிகளும் ஒரு தாள் உருண்டையும் வந்தன. குறுக்கே போன நான்காம் வரிசையில் 51 என்று நின்றது. மென்மையான, ஓரம் சிதறாத ஒலி. முதல் மாதமாக இருந்திருந்தால் கருவி அந்த எண்ணை எனக்குச் சொல்லியே இருக்காது.

மணலைக் கையால் விலக்கினேன். ஆறு விரற்கிடை ஆழத்தில் மோதிரம் நின்ற வாக்கில் புதைந்திருந்தது. அந்த அம்மா அதை வாங்கி, மணலைக்கூடத் துடைக்காமல் விரலில் போட்டுக்கொண்டு, மறு கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன்: எண் 51, ஆழம் 9 செ.மீ., தங்கம். அதே பக்கத்தில் அதற்கு மேலே இருந்த இரண்டு 51களும் அலுமினியத் தாள்கள்.